இறாத்தல் கணக்கு

என் அம்மப்பா வினாசித்தம்பி
பலாலியில் ஆட்களை நிறுத்தார்.
டக்கோட்டாக் காலத்தில் பெட்டி மட்டுமல்ல,
பெட்டிக்காரரும் தராசில் ஏறவேண்டும்.
அப்புக்காத்துமார், சுருட்டு முதலாளிமார்,
திருச்சிக்குக் கூறைச்சேலை எடுக்கப் போகும் குடும்பங்கள்
எல்லாரும் இறாத்தலாகி
அவருடைய கொப்பிக்குள் இருந்தார்கள்.

சந்தையில் யாரையும் கண்டால் பெயர் வராது.
"நூற்றி அறுபத்திரண்டு போகுது" என்பார்.
"நல்லா மெலிஞ்சிட்டுது. சீனி வருத்தமாக்கும்."

ஒருமுறை இரத்மலானைக்கு ஒரு சீற் வெறுமையாய்க் கிடந்தது.
தன்னைத் தானே நிறுத்து, எழுதி, படியில் கால் வைத்தபோது
ஒரு பிள்ளைத்தாய்ச்சி ஓடி வந்தாள்.
இறங்கிவிட்டார்.
அவளை ஒன்றென்று எழுதுவதா இரண்டென்றா என்று
பிளேன் பத்து நிமிடம் பிந்தியதுதான்
அவருக்குப் பெரிய பகிடி.
அதன் பிறகு சீற் ஒன்றும் மிஞ்சவில்லை.

வயாவிளானில் எங்கள் வெங்காயத் தறை
ஓடுபாதை வேலியோடு முட்டிக்கொண்டு கிடந்தது.
தண்ணி மாறும்போது மண்வெட்டி பாதியில் நிற்கும்,
வாய்க்கால் உடைத்து அடுத்தவன் பாத்திக்கு ஓடும்,
அவர் முகம் மேலே இருக்கும்.
சண்டை வந்ததெல்லாம் அதனால்தான்.

தொண்ணூறில் ஏழாலை.
புகையிலைக் குடிலுக்குப் பின்னால்
ஒரு பங்கருக்குள் பதினொரு பேர்.
கண்ணுக்குத் தெரியமுன் அவர் சொல்வார்:
"ஹெலி. தூரத்திலை."
"பொம்மர். குனியுங்கோ."
வினாசியர் என்ன சொல்லுறார் என்று
வேலிக்கு வேலி கேட்பார்கள்.

ஆடி மாதம், ஒரு வியாழன்.
சத்தம் கேட்டதும் முகம் மலர்ந்ததாம்.
"இது அவ்ரோ. நான் ஏத்தி அனுப்பின பிளேன்.
ஆக்கள் போற பிளேன்.
வெளியிலை வாங்கோ, அடுப்பைப் பாருங்கோ."

அதன் கதவால் பீப்பாக்களைக்
கையால் தள்ளினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.
பக்கத்து வளவுத் தெய்வநாயகி
உலையை இறக்கப் போனவள்.

அதை இதற்குமேல் எழுத என்னால் ஏலாது.

அன்றிரவு அவர் கணக்குப் பார்த்தார்.
ஒரு பீப்பா என்ன நிறை,
தள்ள எத்தனை பேர் வேணும்,
அது எத்தனை பயணிகளின் இடம்.
"பதினாலு பேர்" என்றார் அம்மாவிடம்.
வேறொன்றும் சொல்லவில்லை.

பிறகு அவர் மேலே பார்க்கவில்லை.
தைப்பொங்கலுக்குத் தம்பி பட்டம் ஏற்றியபோதும்
முதுகைக் காட்டிக்கொண்டு வேலி அடைத்தார்.
காதுதான் அவர் சொல் கேட்கவில்லை.
நள்ளிரவில் எங்கோ ஏதும் உறுமினால்
பாயில் விரல்கள் தட்டும்:
இரண்டு எஞ்சின். இடது பக்கம் கொஞ்சம் பிந்துது.

கோப்பாயில், வாடகை வீட்டில் செத்தார்.
காணி அப்போதும் கம்பிக்கு உள்ளே.
தூக்கினவர்கள் பாரமே இல்லை என்றார்கள்.
எவ்வளவு என்று ஒருவரும் சொல்லவில்லை.
சொல்லத் தெரிந்த ஆள்
அவர்கள் தோளில் இருந்தார்.

போன மாதம் சென்னையில்
பெட்டியை நிறுத்தாள் கவுண்டர்ப் பெண்.
"என்னை?" என்றேன். சிரித்தாள்.
பெட்டி இறங்கியதும் ஒரு கணம் ஏறி நின்றேன்.
அறுபத்தியொன்று.
மனதுக்குள் பெருக்கினேன்:
நூற்றி முப்பத்தினாலரை இறாத்தல், அம்மப்பா.
ஒன்றென்றே எழுதுங்கோ.

பலாலி தெரிந்தது.
செம்மண், பிறகு பற்றை, பிறகு தார்.
தறை எங்கே முடிந்ததென்று விளங்கவில்லை.
சில்லு தொட்ட இடம் எங்கள் காணியாக இருக்கலாம்,
சண்டைக்கு வந்த அடுத்தவனுடையதாகவும் இருக்கலாம்.
சிறகுக்குப் பக்கத்தில்தான் என் சீற்.
இடது எஞ்சின் பிந்துதோ என்று காது கொடுத்தேன்.
எனக்கு அது சத்தம் மட்டும்தான்.