பதினேழு

டேனிஷ் ஆசிரியை பனியில் வழுக்கிக் கால் முறிந்ததால்
கணக்கு வாத்தியார் நான் வந்தேன்.
தகுதி: அந்த வாரம் சும்மா இருந்தேன்,
எண்ணத் தெரியும்.
ஹால்ஃப்டான் என்ற என் பெயருக்கே
அரை டேன்காரன் என்றுதான் பொருள்.
அந்த அரையும் பெயரோடு சரி.

விமானத்தில் பதினேழு.
பெட்டிகள் சுற்றிவரும் இடத்தில் பதினேழு.
கழிப்பறை வாசலில் பதினாறு,
கொஞ்சம் பொறுத்துப் பதினேழு.
ஒருமுறை பதினெட்டு வந்தது:
மஞ்சள் தொப்பியில் யாரோ ஒரு ஜெர்மன் பையன்
எங்கள் வரிசை பிடித்துப்போய் நின்றிருந்தான்.
மரியாதையாகக் கழித்தேன்.

எங்கள் ஊரில் சிவப்பு விளக்கு கிடையாது.
ரயில், நாட்டிலேயே கிடையாது.
மரம் உண்டு, தேவாலயத்தின் பின்னால் நான்கு.
கோபன்ஹேகனில் இறங்கிய மாலையே
யோருன் ஒரு மரத்தடியில் அண்ணாந்து நின்று
"இதுக்கு யாரு தண்ணி ஊத்துறாங்க?" என்றாள்.
யாரும் சிரிக்கவில்லை.
எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.

எங்கள் மீனுக்கு ஒரு காலத்தில்
விலை சொன்ன ஊர் இது.
அரண்மனை வாசலில் அதை விளக்கத் தொடங்கினேன்.
காவலனின் கரடித்தோல் தொப்பிக்குள்
வியர்க்குமா என்பதில் இருந்தது அவர்கள் கவனம்.
நியாயமான கேள்வி. நானும் விட்டுவிட்டேன்.
ரொட்டிக் கடையில் ஐம்பது என்பதற்கு
அரைக்குறை மூன்று இருபதுகள் என்றாள் கடைக்காரி.
இருபத்திரண்டு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன்
கை நிறையக் காசை நீட்டி
நீயே எடுத்துக்கொள் என்று நின்றேன்.

மூன்றாம் நாள், பாதாள ரயில்.
ஓட்டுநர் இல்லை என்பதால் எல்லோருக்கும் முன்கண்ணாடி வேண்டும்,
தள்ளுமுள்ளு.
கதவு மூடியது.
வெளியே ஸ்டெய்னார்,
ஒற்றைக் காலில் குந்தி, ஷூ லேஸ் கட்டிக்கொண்டு.
நிமிர்ந்து பார்த்தான்.
கையசைக்கவில்லை. கத்தவில்லை.
துறையில் நின்று படகு போவதைப் பார்ப்பவன்போலப் பார்த்தான்.

ஓட்டுநர் இல்லாத ரயிலில்
யாரிடம் கெஞ்சுவது?

அவன் போன் ஆல்ஃப்டிஸின் பையில்.
அவன் டேனிஷ் மதிப்பெண், பத்துக்கு மூன்று.
அனுமதிப் படிவத்தில் அவன் அம்மா எழுதியிருந்தாள்,
மீன் ஆலையின் பேனாவால்:
"பேச மாட்டான். சாப்பிட்டானா என்று நீங்களாகக் கேட்க வேண்டும்."

அடுத்த நிலையத்தில் இறங்கி, ஏறி, மறுபக்கம் ஓடி,
பதினாறு, பதினாறு, பதினாறு,
நான்கு நிமிடம் என்றது பலகை.
நான்கு நிமிடத்தில் ஒருவன் எத்தனை வழியில் தொலையலாம்
என்பது ஒரு கணக்கு.
வாழ்க்கையில் முதல்முறை
விடை வேண்டாம் என்று நினைத்த கணக்கு.

போனோம்.
நடைமேடையில் ஒரு சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது.
அதன் அருகே மழைக்கோட்டில் ஒரு பெண், வயிறு குலுங்கச் சிரித்தபடி.
சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தான் ஸ்டெய்னார்,
அப்பாவின் படகு எஞ்சினைப் பார்க்கும் அதே முகத்தோடு.
பாடப்புத்தகத்தின் ஒரே ஒரு வாக்கியம்
அவனிடம் இருந்திருக்கிறது.
அதை அவளிடம் சொல்லியிருக்கிறான்:
"என் அக்காவின் சைக்கிள் நீல நிறம்."
அவளுடையது சிவப்பு.
அவனுக்கு அக்காவே கிடையாது.

வழியெல்லாம் மனதில் கூர்தீட்டி வைத்திருந்த வசவு
ஒன்றும் வாயில் வரவில்லை.
"சாப்பிட்டாயா?" என்றேன்.
தலையாட்டினான்.
அவள் என்னிடம் நீளமாக ஏதோ சொன்னாள்.
நானும் தலையாட்டினேன்.
"அவங்க என்ன சொன்னாங்க, ஹால்ஃப்டான்?"
"உன்னைப் பாராட்டினார்கள்."
இருக்கலாம்.
வழிகூடக் கேட்டிருக்கலாம்.

அன்றிரவு விடுதியில்
ஒவ்வொரு கதவின் அடியிலும் ஒட்டுநாடா ஒட்டினேன்,
விடியும்போது கிழிந்திருக்கிறதா பார்க்க.
இரண்டு மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன்.
மூன்று மணிக்கும்.
என் கதவில் யாரோ ஒட்டியிருந்தார்கள்.

ஊர் திரும்பிய இரவு
பள்ளி முற்றத்தில் கார்களின் வெளிச்சம், ஆலங்கட்டி மழை.
ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள்.
பதினொன்று. ஆறு. இரண்டு.
கடைசியாக ஸ்டெய்னார்.
நகக்கண்ணில் இன்னும் அந்தக் கரி,
கழுவவே இல்லை போல.
அவன் அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
பையை வாங்கி, எடை பார்ப்பதுபோல
ஒருமுறை தூக்கிப் பார்த்தாள்.

வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றி வைத்தேன்.
இரண்டு.
விளக்கை அணைக்கும் முன்
திரும்பிப் பார்த்தேன்.
இரண்டு.