இம்மாத வாசிப்பு

இருபத்தொன்பது வருசம்
கோட்டமுனையிலிருந்து நாவற்குடா மட்டும்
மற்றவர் சுவர்களில் தொங்கிய மீற்றர்களின் எண்களை
எழுதிக்கொண்டு போனவன் நான்.
இப்போது எழுதுவது இது:
காலை ஆறு மணி, முந்நூற்றைம்பது மில்லி.
நிறம், வைக்கோல்.
பத்தரைக்கு இருநூறு.

பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில்
பூரணவதி கியூட்டெக்ஸால் கோடு கீறித் தந்தாள்.
சிவப்பு. மகள் டோஹாவுக்குப் போகையில்
விட்டுப்போனது, பாதி காய்ந்து.

வயிற்றில் வாயு என்றுதான் போனேன்.
ஸ்கேன் எடுத்த பிள்ளை கையை நிறுத்தி
அதே இடத்தில் திரும்பவும் குளிர்ப் பசை தடவி
"ஐயா, கொஞ்சம் மூச்சைப் பிடியுங்கோ" என்றாள்.
தானும் பிடித்திருந்தாள், கவனித்தேன்.
நாலு தசம் எட்டு சென்ரிமீற்றர்.
மீற்றருக்கு முன்னாலேயே வயரை வெட்டிக் கொழுவி
கரண்ட் எடுப்பார்கள் சிலர்.
அப்படித்தான் ஓடியிருக்கிறது
எத்தனை மாதமோ,
ஒரு வாசிப்பிலும் விழாமல்.

இடது பக்கத்தை முழுதாய் எடுத்தார்கள்.
எடுத்ததைத் தட்டத்தில் வைத்து
தியேட்டர் வாசலில் இவளுக்குக் காட்டினார்களாம்.
நாற்பத்தொரு வருசத்தில்
என்னில் இவள் பாராதிருந்தது அது ஒன்றுதானே என்று
சிரிக்கப் போனேன்.
தையல் விடவில்லை.
சிரிப்பதானால் இப்போது
தலையணையை விலாவோடு அணைத்து
அறிவித்தல் கொடுத்துவிட்டுச் சிரிக்க வேண்டும்.

எப்படியிருந்தது என்று கேட்டால்
அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாள்.

அடுத்த கட்டில் உதுமாலெவ்வை, சம்மாந்துறை.
அவருக்கும் அதே பக்கம், ஒரு நாள் முந்தி.
இரவு இரண்டு மணிக்கு
"மாஸ்டர், உங்கட பையில எவ்வளவு?" என்பார்.
நான் மாஸ்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லிக் களைத்தேன்.
கட்டிலோரம் தொங்கும் பைகளில்
எது முந்தி நிரம்பும் என்று
ஒரு தேத்தண்ணிக்குப் பந்தயம்.
அவர் வென்றார்.
போன கிழமை எடுத்தபோது
மகன்தான் பேசினான். "வாப்பா ஆஸ்பத்திரிக்குப் போன."
வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டான்.
பின்னேரம் அவரே எடுத்து
தையல் பார்க்கப் போனதாகச் சொல்லி
கடன் தேத்தண்ணியைக் கேட்டார்.
இடையில் அந்த நாலு மணித்தியாலமும்
கொப்பியில் ஒன்றுமில்லை.

ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது.
சைக்கிள் கூடாது.
காஸ் சிலிண்டரை இவள் உருட்டி வருகையில்
கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.
தானாகவே நிற்கிற கதவு அது.

நடக்கலாம்.
கல்லடிப் பழைய பாலத்தில்
முதல் நாள் மூன்றாவது விளக்குக் கம்பம்.
நேற்று ஏழாவது.
தூண்டில் போட்டிருந்த பொடியன்
வாளியை ஒதுக்கி வழி விட்டான்;
உள்ளே இரண்டு செத்தல், ஒன்று இன்னும் துடித்தபடி.
வழியில் நாய்கள் என்னைக் கண்டுகொள்வதில்லை,
கையில் புத்தகம் இல்லாததாலாக்கும்.

கிரியற்றினின் ஒன்று தசம் நாலு.
"ஒற்றைக்கு இது பரவாயில்லை" என்றார் டொக்டர்.
மூன்று மாதத்தில் மறுகா ஒரு ஸ்கேன்.
அதற்குப் பிறகு ஆறு மாதத்தில்.
பில் போலத்தான்,
வந்துகொண்டிருந்தால் வீட்டில் ஆளிருக்கிறது.

நேற்றிரவு கரண்ட் போனது.
ஊரில் எல்லா மீற்றரும் நின்றிருக்கும் அந்த இருட்டில்
எனக்கு மட்டும் அவசரம்.
சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன்.
இவள் டோர்ச்சோடு பின்னால் வந்து
வாசலில் நின்றாள்.
"சின்னதாத்தான் கிடந்த" என்றாள்.
எது என்று நான் கேட்கவில்லை.
"என்ட கைக்குள்ள அடங்கும்.
நான் பெரிசாயிருக்கும் எண்டு நினைச்சிருந்த."

போத்தலை வாங்கி
சிவப்புக் கோட்டுக்கு நேரே வெளிச்சத்தைப் பிடித்தாள்.
கண்ணாடி இல்லை என்னிடம்.
அவள் வாசித்துச் சொன்னாள்.