முப்பத்தொன்றாம் தாள்

துலூத் துறைமுகத்தில் ஜனவரி பாதியில்
ஏரி கதவடைத்துக்கொள்ளும்.
கிரேன்காரிக்கு மார்ச் கடைசிவரை வேலையில்லை.
ஆகவே இந்தப் பெட்டி:
துருத்தி உடம்பு, மூன்று கால், கறுப்பு முக்காடு,
பின்னால் ஒரு மங்கல் கண்ணாடி.
அதில் உலகம் வௌவாலாகத் தொங்கும்.
விற்றவள் கொசுறாகத் தந்தாள்
தேதி கடந்த உடனடி பிலிம், இரண்டு டப்பா, நாற்பது தாள்.
நல்ல பிலிமும் கொஞ்சம் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தேன்,
விருந்தாளி வரும்வரை பிரிக்காத பிஸ்கட் போல.

முதல் தாள் முழுக் கறுப்பு:
உறையை இழுக்காமலே ஷட்டரைத் தட்டியிருக்கிறேன்.
இரண்டாவது முழு வெள்ளை:
லென்ஸ் திறந்திருக்க உறையை இழுத்திருக்கிறேன்.
ஏழாவதில், பனிக்கட்டி துளைக்கும் திருகு, மிக நெருக்கத்தில்,
கரிச்சட்டிக்குள் கிடப்பதுபோல்.
துருத்தி நீண்டால் வெளிச்சம் இளைக்கும் என்று
கையேட்டில் நாலுமுறை அடிக்கோடிட்டிருந்தேன்.
அடிக்கோடுக்குக் குளிராது, அதற்கென்ன.

மைனஸ் பத்தொன்பதில் படம் தானாய்ப் பிறக்காது.
உருளைகளுக்கிடையே இழுத்த தாளைத்
தகட்டில் வைத்து அக்குளில் இடுக்க வேண்டும்,
தொண்ணூறு விநாடி.
உறைந்த குடாவின் நடுவில்
கோட்டுக்குள் கைவிட்டு எண்ணிக்கொண்டு நின்றேன்.
"காய்ச்சல் எவ்வளவு?" என்றான்
பச்சைக் கூடாரத்தில் மீனுக்குக் குந்தியிருந்த ஓரின் ஸ்கோக்மோ.

அப்படித்தான் அவன் படத்துக்குள் வந்தான்.
நாலு விநாடி அசையாமலிருக்க அவனுக்குத் தெரியும்;
மீன்காரனுக்கு அது கூலியில்லா வேலை.
கெட்டுப்போன படம் ஒன்றுக்கு ஒரு கோப்பை காபி
என்று எங்களுக்குள் விலை படிந்தது.
தலை வெட்டுப்பட்டவை, கூடாரம் சரிந்தவை,
நீலம் பாரித்த இரண்டு.
எல்லாம் அவன் தகரச்சுவரில் தூண்டில்முள்ளில் தொங்கின.
ஒரு வாரத்தில் எனக்குத் தூக்கமில்லை. காபி.

லென்ஸை முன்னால் சாய்த்தால்
கிட்டமும் தூரமும் ஒன்றாய்த் தெளியும்.
முப்பத்தொன்றாம் தாளில் பின்னால் சாய்த்துவிட்டேன்.
உரித்தேன். மருந்து நெடி.
ஏரி இல்லை. பாலம் இல்லை. முகம்கூட இல்லை,
எல்லாம் மூச்சுப் பட்ட ஜன்னல்.
ஒரு கீற்று மட்டும் கத்திபோல்:
கையுறை கழற்றிய அவன் வலக்கை,
பிளாஸ்க் மூடியில் எழும் ஆவி,
நகத்தடியில் ஒரு செதில்.
ஓரின் வெகுநேரம் பார்த்தான்.
"இங்கே இப்படித்தான் இருக்கிறது" என்றான்.
காபி ஊற்ற மறந்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

நாற்பதாவதில் எந்தப் பிழையும் இல்லை.
மறுநாள் பிஸ்கட்டைப் பிரித்தேன்.
நல்ல பிலிம், இரண்டே தாள்,
ஒவ்வொரு திருகையும் இருமுறை தொட்டுப் பார்த்து.
மினியாபொலிஸ் போய்த் திரும்ப பதினொரு நாள்.
அக்குளில் ஒன்றுமில்லாமல்
பதினொரு நாள் எப்படிக் காத்திருப்பது?

வந்தது.
தூண்டில் முதல் தூக்குப்பாலம் வரை
ஊசி விழுந்தாலும் தெரியும் தெளிவு.
கூடார மரச்சட்டத்தில் ஆணிகளை எண்ணலாம்.
எண்ணினேன், இருபத்தாறு.
ஓரினும் இருந்தான்,
இருபத்தேழாவதாக.

அதற்குள் பனி இளகி, கூடாரங்களை இழுத்துப் போய்விட்டார்கள்.
பெட்ரோல் பங்கில் அவன் டிரக்கைப் பார்த்தேன்.
வெயில்தட்டியில் ரப்பர் வளையம் போட்டு முப்பத்தொன்று.
ஒருநாள் கடன் கொடு, என்றேன்.
நெகட்டிவ் இல்லாத படம், உலகத்தில் அது ஒன்றுதான்,
என்னையும் சேர்த்து யாரிடமும் இன்னொன்று இல்லை.
எதற்கு, என்றான்.
எத்தனை பாகை சாய்த்தேன் என்று தெரியவேண்டும், என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. தரவுமில்லை.
கண்ணாடியை மட்டும் இறக்கினான்.

அன்று இரவு முதல் கப்பல் சங்கூதியது.