எடுப்பது

அந்தச் சொல்லை நான் சொல்வதில்லை.
‘அது’ என்பேன்.
ஆலங்காயம் பஸ்ஸில் ஜன்னலோரம்,
கைப்பையில் எலுமிச்சம்பழம், இரண்டு கவர்.
முன்சீட்டுக்காரர் ஏப்பம் விட்டால்
அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன்.
டிக்கெட் காசு போனால் போகிறது.

ஆம்பூர்க்காரனைக் கட்டிக்கொண்டும்
பிரியாணியை மோந்ததோடு சரி.
மசக்கைக்குப் பயந்து
மூன்று வருஷம் தள்ளிப்போட்டதற்கு
தயாளனிடம் சொன்ன காரணம்
வீட்டுக் கடன்.

வேலூர் ஆஸ்பத்திரியில்
பேப்பரும் பேனாவும் கொடுத்து
வாந்தி
என்று பத்து முறை எழுதச் சொன்னார்கள்.
நான்காவதில் கை வியர்த்தது.
ஏழாவதில் துணைக்கால் வெறும் கோடு.
ஒன்பதாவதில்
நாலாம் வகுப்பு வராந்தா வந்தது:
அதன்மேல் மண் அள்ளிப் போட்ட வாட்ச்மேன்,
மூக்கைப் பிடித்துச் சிரித்த நாற்பது பேர்,
என் செருப்பிலும் கொஞ்சம் மண்.

‘எடுப்பது’ என்கிறோம்.
கொடுத்தது யாரென்று
அன்றுவரை நான் கேட்டதில்லை.
எடுத்தது ஒரு நிமிஷம்.
எடுத்துவிடுவேனோ என்று இருந்தது
இருபத்தாறு வருஷம்.

போன வியாழக்கிழமை
ஜமுனாமரத்தூரிலிருந்து இறங்கும் வளைவில்
பக்கத்துச் சீட்டுப் பையனுக்கு
உதடு வெளுத்தது.
இறங்க நிறுத்தமில்லை. காடு.
கவரை விரித்துப் பிடித்தேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்,
கையை எடுக்கவில்லை.
பாலித்தீன் வழியாக விரல்களுக்கு
அதன் சூடு.

வாயைத் துடைத்துக்கொண்டு அவன்
‘பலாப்பழம்க்கா’ என்றான்,
யாரையோ அறிமுகம் செய்வதுபோல.
எனக்குச் சிரிப்பு வந்தது,
வயிற்றைப் பிரட்டிக்கொண்டே.

இரண்டாவது கவர் பையில்தான் இருக்கிறது.
தூக்கிப்போட்டுவிட்டேன் என்று
பொய் சொல்லமாட்டேன்.