பதினொன்று வரும் நேரம்

இருட்டில் இருபது நிமிடம் உட்கார வேண்டும்
என்றதும் விஸ்வால்டிஸ் சிரித்தார்.
"விடியுமுன் நாலு மணிக்கு
டிப்போவில் வண்டி எடுக்கிறவனிடமா?"

ரீகா. நவம்பர்.
மழை, பனியாவதா வேண்டாமா என்று இழுத்தடிக்கும் மாதம்.
எங்கள் கருவி வந்த நாளிலிருந்தே ஒரு தொல்லை:
சன்னலுக்குக் கீழே தண்டவாளம்.
பதினொன்றாம் எண் டிராம் கடக்கும்போதெல்லாம்
திரையில் ஒரு நடுக்கம் ஓடும்,
எந்தக் கண்ணுக்கும் சொந்தமில்லாத நடுக்கம்.

சிவப்பு விளக்கின் மங்கலில்
அவருடைய கீழிமையோரம் வெள்ளி பூசிய இழையைப் படியவிட்டேன்.
"சிமிட்டாதீர்கள். பல்லைக் கடிக்காதீர்கள்.
நெற்றி சுருங்கினாலும் இது எழுதிக்கொள்ளும்."
"எங்கள் டிப்போ மேலாளர் மாதிரி."

மங்கலாய் ஒரு வெட்டு, இன்னொரு வெட்டு.
நூற்றெண்பது மைக்ரோவோல்ட்.
இழை சற்று நழுவியிருந்தது.
சரிசெய்து மறுபடி:
இருநூற்று நாற்பது.
எங்கள் ஆய்வகத்தின் எல்லைக்கோடு இருநூறு.
கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மனிதர்,
அந்தப் பக்கமும் அவரே.

மாதத்தின் முதல் திங்களன்று
என் கண்ணிலும் இழை வைத்துக்கொள்வேன்,
கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க.
மார்ச்சில் முந்நூற்றுப் பத்து.
ஏப்ரலில் இருநூற்று அறுபத்தைந்து.
கருவிக்கு என் கண் ஜாமீன்,
என் கண்ணுக்குக் கருவி ஜாமீன்.
கையெழுத்துப் போடுவது மட்டும் நான்.

"எதை எழுதுவாய், ட்ஸித்ரா?"

எங்கள் மொழியில் என் பெயருக்குத்
தெளிந்தவள் என்று அர்த்தம்.
டாக்டர் அவுஸ்ட்ரிஸ் என்றால் இரண்டையும் காட்டலாம்,
உதட்டைப் பிதுக்கிவிட்டு யோசிப்பார்.
ஓட்டுநர் உரிமக் குழு ஒரே எண்தான் கேட்கும்.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
முகம் தெரியாத இருட்டு பேச வைத்ததோ என்னவோ:
"மழை ராத்திரியில் சந்தையைத் தாண்டியதும்
விளக்குக் கம்பங்கள் காணாமல் போகின்றன.
வளைவுகளைச் சக்கரம் கிறீச்சிடுவதை வைத்து எண்ணுகிறேன்.
போன வாரம் நிறுத்தத்தில் ஒரு குடை.
குடைக்கடியில் ஆள் நின்றது
கதவு திறந்தபிறகுதான் தெரிந்தது.
சின்னப் பெண். வணக்கம் சொல்லிவிட்டு ஏறினாள்."

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

மூன்றாம் முறை விசையில் விரலை வைத்தேன்.
"பொறு" என்றார்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
பிறகுதான் சன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.
"பதினொன்று. பழைய வண்டி, பின்சக்கரம் ஒரு பக்கம் தேய்ந்தது.
இது போனால் ஆறு நிமிஷம் பாதை சும்மா கிடக்கும்.
அதற்குள் எடுத்துவிடு."

மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தார் போல.
இத்தனை வருஷத்தில்
இவ்வளவு சுத்தமான கோட்டை நான் பார்த்ததில்லை:
ஒரு பிசிறு கிடையாது,
எழ முடிந்தவரை எழுந்து
படிந்தது.
நூற்று அறுபத்திரண்டு.

"சுத்தமாக வந்ததா?"

வந்தது என்றேன்.
விளக்கைப் போட்டதும்
கண்ணை மறைத்துக்கொண்டு சட்டையைத் தேடினார்,
பக்கத்து நாற்காலியில்தான் இருந்தது.

மூன்று எண்களையும் எழுதினேன்.
மூன்றாவதன் எதிரில் மட்டும்,
சிறிய எழுத்தில்:
டிராம் இல்லை.