அரியர்

படிவத்தின் ஏழாவது வரியில்
'குறைந்தபட்ச மதிப்பெண்' என்றிருந்தது.
அடித்துவிட்டேன்.

ஹெப்சி,
காஸ்ட் அக்கவுண்டிங்கில் நாலு தடவை போனவள் நீ.
ரூவியில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
மூன்றாம் மாடிச் சமையலறையில்
அறுபத்திரண்டு பேருக்குச் சோறு கட்டியவள்.
வெங்காயம் விலையேறிய வாரம்
ஒரு பொட்டலத்துக்கு எத்தனை பைசா கூடும் என்று
அடுப்பை அணைக்காமலே சொல்வாய்.
தாளில் எழுதத்தான் வராது.

உன் நோட்டில்
செலவு போக மீதி நானூற்றுப் பதினொரு ரியால்.
வராத கடன் தனிப் பக்கம்.
வாதி கபீர் பட்டறைகளுக்கு நடந்தேன்.
கேட்கவில்லை, நோட்டை விரித்துக் காட்டினேன், அவ்வளவுதான்.
ஒரு பெயிண்டர் தன் பெயரைத் தொட்டுப் பார்த்தான்.
"அக்கா கணக்குல ரெண்டு நாள் விட்டுப்போச்சே" என்று
கூடவே தந்தான்.
இன்னொருவன் கதவைச் சாத்திக்கொண்டான்.
நீ எழுதியிருப்பாய் என்பதால்
அதையும் எழுதிக்கொண்டேன்.

என் போனஸையும் போட்டு இந்த நிதி.
பி.பி.ஏ. படிக்கும் 'சிறந்த மாணவருக்கு' என்றது கல்லூரி.
அரியர் இருப்பவர்களுக்கு மட்டும் என்றேன்.
சிரித்தார்கள்.
உன் மார்க் ஷீட்டை மேஜையில் வைத்தேன்.

நேற்று ஒரு பெண் போனில்.
பகலெல்லாம் கடையில் கல்லாப்பெட்டியாம்.
"ஒரே பேப்பர் சார், மூணு தடவை போயிட்டேன்.
தரமாட்டீங்கதானே?"

அடுத்தது நாலாவதா என்றேன்.
ஆமாம் என்றாள்.

ஐந்தாவதற்கு நீ வாங்கிய ஹால் டிக்கெட்
இன்னும் மல்லித்தூள் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது,
ஒரு ஓரம் மஞ்சளாக.