சரி

மண்டலே கல் சந்தை. காலை ஒன்பது.
புது டார்ச்சில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை
நான் கிழிக்க மறந்திருந்தேன்;
டோ ந்வே யின் மறக்காமல் படித்துவிட்டாள்.

வெள்ளைத் தட்டில் பதினொரு பச்சைகள்.
அரிசியில் பொறுக்கும் கல் தவிர
வேறு கல் அறியாத விரல்கள் எனக்கு.

அதிகப் பச்சையாய் ஒன்று. அடியில் ஒளி வைத்தேன்:
கீறல்தோறும் சாயம்,
நகக்கண்ணில் மருதாணி தங்கினாற்போல்.
வைத்துவிட்டேன்.
அவள் தேநீர் ஊற்றினாள்.

ஓரத்தில் இன்னொன்று,
தோல் சீவிய வெள்ளரியின் உள்நிறம்,
நடுவே கொஞ்சம் புகை.
டார்ச்சை அணைத்த பிறகும்
பார்க்கப் பிடித்திருந்தது.

"ஆறு லட்சம்."
"இரண்டு" என்றேன், என் குரலே இல்லாத குரலில்.
"சரி."

உடனே சொன்ன சரி.
கல்லில் இல்லாத விரிசல்
அந்தச் சொல்லில் விழுந்தது.
ஒன்று என்றிருக்கலாமோ,
ஒன்றுமே இல்லையோ.

பாகோவுக்கு இரவு பஸ்.
கம்பளிக்குள் கல்லும் டார்ச்சும் நானும்.
பக்கத்து இருக்கைக்காரர் புரண்டு,
"தம்பி, விளக்க அணைப்பா" என்கிறார் தமிழில்.
"நெசக் கல்லா, பாருங்களேன்."
வாங்கிக் கன்னத்தில் வைத்தார்.
"குளிர்ச்சியாத்தான் இருக்கு" என்றவர்
திருப்பித் தராமலே தூங்கிப்போனார்.

மூடிய அந்தக் கைமேல்
ஒளி பிடித்து உட்கார்ந்திருக்கிறேன்.